இடைவேளைக்குப் பின் வரும் கரண்ட்

வியாழன்தோறும் பழைய படம்.
சென்னையில் எட்டரை என்றால் ரங்கூனில் ஒன்பதரை.
அந்நேரம் பசுண்டாங்கில் கரண்ட் இருக்கும்,
எங்கள் தாமோயில் இருக்காது.
பதினொன்றுக்கு அவர்களிடம் பிடுங்கி
எங்களுக்குக் கொடுப்பார்கள்.

அதனால் பெயர் போடுகிற காட்சியை
எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.
டிவியைப் போடும்போதே
கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள்.
ஏன் என்று மறுநாள் காலை
டீக்கடையில் விசாரிக்க வேண்டும்.
பாட்டரிக் கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
வீட்டில் பாட்டரி இல்லை.
சிரித்தவர்கள் போதும்.

மாசிலாமணிக்கு அட்டையில் வின் மாவுங் என்று பெயர்.
பசுண்டாங்காரர், டாக்ஸி ஓட்டுகிறார்.
முதல் பாதி முழுக்க அவர் பொறுப்பு.
சபுரா பீவியும் அந்தப் பக்கம்தான்.
சந்தியாகுவும் நானும் இந்தப் பக்கம்.
அவர்கள் கல்யாணம் வரை கொண்டுவந்து விடுவார்கள்,
நாங்கள் அங்கிருந்து சுடுகாடு வரை
தூக்கிப் போவோம்.

குறைகளுக்கோ குறைவில்லை.
பதினோரு படங்களையே மாற்றி மாற்றிப் போடுகிறான்.
டாக்டர் படம் மழை தொடங்கியதிலிருந்து நான்கு தடவை,
மாசிலாமணி நோட்டில் தேதியோடு இருக்கிறது.
நிலா வரும் மூலையில் சரியாகச் சேனல் முத்திரை.
கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசியதில்
வில்லனுக்குக் கன்னம் சிவந்துவிட்டது,
பார்க்க வெட்கப்படுகிறவர் மாதிரி.
சிரிப்புக் காட்சியை வெட்டிவிட்டு
அந்த இடத்தில் நகைக்கடன்.

"ஏழு மணிக்குப் போடச் சொல்லி எழுதுவோம்"
என்றாள் சபுரா.
"போட்டால் உனக்கு முழுப்படம்,
எங்களுக்கு வணக்கம் மட்டுமா?"
சந்தியாகு டீயைத் தட்டில் ஊற்றாமலே எழுந்துவிட்டான்.
கடிதம் அன்றோடு நின்றது.

இன்னொன்று இருக்கிறது.
பிடுங்குவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே
இருபது நிமிஷம்
இரண்டு பக்கமும் இருட்டு.
பெட்டியோடு அண்ணன் ரயிலடிக்குப் போகிறான்,
இது மாசிலாமணி பார்த்தது.
அண்ணன் கூண்டில் நிற்கிறான்,
இது நான் பார்த்தது.
நடுவில் என்ன?

தங்கை வளையலை விற்றிருப்பான் என்றாள் சபுரா.
பெட்டி மாறியிருக்கும் என்றான் சந்தியாகு.
ரயிலைத் தவறவிட்டிருப்பான், அவ்வளவுதான்,
அதற்கே சில பேரைக் கூண்டில் ஏற்றுவார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
டீக்கடைப் பையன், தமிழ் தெரியாதவன்,
எங்கள் முகத்தைப் பார்த்து
யார் செத்தது என்று பர்மியில் கேட்டான்.

தடிஞ்சுட் வந்தது.
விளக்குத் திருநாள் என்று
ஊர் முழுக்க விடிய விடியக் கரண்ட்.
அன்றைக்கும் வியாழன், அதே படம்.
மாசிலாமணி வீட்டில் நால்வரும் ஒரே பாயில்.

பதினொன்று ஐந்து.
அண்ணன் ரயிலடிக்குப் போனான்.
சோப்பு, நகைக்கடன், முழங்கால் தைலம்,
மறுபடி நகைக்கடன்.
திரையில் இரண்டு கோடு, ஒரு குதி,
அண்ணன் கூண்டில் நின்றான்.

சேனலிடமும் இல்லை அந்த இருபது நிமிஷம்.
"அங்கேயும் எவனுக்கோ கரண்ட் போயிருக்கு"
என்றார் மாசிலாமணி.
வளையல்தான் என்று
சபுரா தன் கட்சியில் உறுதியாக இருந்தாள்.
வாசலில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
மேலே ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தபோதே.

எனக்கு வேறு ஒன்று கிடைத்திருந்தது.
ஒன்பதரைக்கு, வாழ்க்கையில் முதல் தடவை,
பெயர் போடுவதைப் பார்த்தேன்.
ஒப்பனை, உடை, தையல், குதிரைகள் உதவி...
வாய்விட்டுப் படித்தேன், அவர்கள் அதட்டினார்கள்.
கடைசிக்கு முன் அட்டையில், மூலையில்,
எறும்பு எழுத்தில் இருந்தது:
மின்சாரம் – வ. குழந்தை.

இமைப்பதற்குள் போய்விட்டது.
குழந்தை ஆணா பெண்ணா,
அவர் வீட்டில் விளக்கு இருந்ததா, தெரியாது.
காலையில் கடையில் சொன்னேன்.
சந்தியாகு நம்பவில்லை.
சபுரா பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்தாள்,
ஏழு மணி என்பதை அடித்தாள்,
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

ஐயா, அந்த அட்டையை மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம்
நிறுத்திக் காட்ட முடியுமா?